அவளிடம் சொல்லாதே என்றார்கள்

திருத்தணியில் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு சின்ன மையத்தில் நான் வேலை பார்க்கிறேன். பகலில் பாடம் நடத்துவேன். இடையில் யாராவது கூப்பிட்டால் சைகை மொழிபெயர்க்கப் போவேன். போலீஸ் ஸ்டேஷன், பேங்க், தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன்.

இந்த மொழி எனக்கு வகுப்பில் வந்ததல்ல. என் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது. அப்பா ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டினார். வீட்டில் எனக்கு வாய் திறப்பதற்கு முன்பே கை பேசிவிட்டது என்பார்கள். அதனாலேயே ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தேன். "இத உங்கம்மாகிட்ட சொல்லாத." ரேஷன் கடையிலும் கல்யாண வீட்டிலும் அம்மாவின் முகத்துக்கு நேராகவே ஏதாவது சொல்லிவிட்டு, பிறகு என்னைப் பார்த்து இதைச் சொல்வார்கள். அம்மா என் கையைப் பார்த்தபடி நின்றிருப்பாள். அந்த வாக்கியத்தைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

நான் எழுதப் போவது ஒரு பிரசவத்தைப் பற்றி. எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். பேரை மட்டும் போடாதே, மற்றதை எல்லாம் போடு என்றாள்.

அன்று கிருத்திகை. ஊரே மஞ்சளாக இருந்தது. பிள்ளைகள் பாதிப்பேர் வரவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி போன் செய்தாள்.

"மேடம், இங்க ஒரு ஊமைப் பேஷண்ட். நாளைக்குச் சிசேரியன். கையெழுத்து வாங்கணும், சொன்னா புரிய மாட்டேங்குது. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

"ஊமைன்னு சொல்லாதீங்க," என்றேன்.

"சரிங்க மேடம். செவிடு."

காவடிக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. பாதியிலேயே இறங்கி நடந்தேன். போய்ப் பார்த்தால் எனக்குத் தெரிந்த பெண்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாதவர்கள் சேர்ந்து கூடும் இடத்தில் பார்த்திருக்கிறேன். அரக்கோணத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. தமிழ் நன்றாகப் படிப்பாள், நன்றாகச் சண்டை போடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்த ஒரு பையனையே கட்டிக்கொண்டாள். அவனுக்கும் காது கேட்காது. பள்ளிப்பட்டுப் பக்கம் தன் அண்ணனுடைய பவர்லூம் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தான். இரண்டு வீட்டுக்கும் அந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. செவிட்டுக்குச் செவிடா என்று கேட்டவர்கள்தான் பிறகு தாலியும் எடுத்துக் கொடுத்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து யாரும் தன்னிடம் எதுவும் சொல்லவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள் என்றாள். அறையில் அவளுடைய அம்மா, மாமியார், கணவனின் அண்ணன் மூன்று பேரும் இருந்தார்கள். கணவனை இளநீர் வாங்க அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர் வந்தார். அவரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது. கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், தூக்கமில்லாத மனுஷியாக இருந்தார். குழந்தைக்குத் தலை திரும்பவில்லை, அதனால்தான் சிசேரியன் என்றார். நான் சைகையில் சொன்னேன். முதுகில் ஊசி போடுவோம், இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும், முழிப்பு இருக்கும் என்றார். அதையும் சொன்னேன்.

அவளிடம் கேள்விகள் இருந்தன. மொழிபெயர்க்கும்போது "அவள் கேட்கிறாள்" என்று சொல்லக் கூடாது. அவளாகவே பேச வேண்டும்.

"என் கையை என்ன செய்வீங்க?" என்று கேட்டேன், அவளாக.

டாக்டருக்குப் புரியவில்லை. ஒரு கையில் டிரிப்ஸ், இன்னொரு கையில் பிபி பட்டை, இரண்டு கையையும் பக்கத்தில் பலகை வைத்துக் கட்டிவிடுவோம், எல்லாருக்கும் அப்படித்தான் என்றார்.

"கையைக் கட்டினா நான் எப்படிப் பேசறது? வலிச்சா எப்படிச் சொல்றது? குழந்தை அழுதுச்சா இல்லையான்னு எனக்கு யார் சொல்வாங்க?"

டாக்டர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். அந்த அறைக்கு வந்த பிறகு அப்போதுதான் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பார்க்கலாம் என்றார். பிறகு நர்ஸ் நீட்டிய இரண்டு தாள்களை என்னிடம் கொடுத்தார்.

"இதுலயும் இதுலயும் கையெழுத்து வாங்கிடுங்க."

இரண்டும் இங்கிலீஷில் இருந்தன. இரண்டாவது தாளைப் படித்தேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதம்.

"இது என்னங்க டாக்டர்? முதல் குழந்தைதானே?"

"வீட்டுல எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. வயித்தைத் திறக்கும்போதே சேத்து முடிச்சிடலாம்னு கேட்டாங்க."

"இவங்ககிட்ட பேசினீங்களா?"

"நீங்க எல்லாமே ஆபரேஷன் பேப்பர்னு சொல்லுங்க, போதும். டென்ஷன் ஏத்தாதீங்க, பிபி ஏறிடும்."

முதல் குழந்தைக்கே இதைச் செய்யக் கூடாது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சொல்லும்போது அவர் குரல் அதனால்தான் இறங்கியிருந்தது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். என்ன, என்ன சொல்கிறார்கள்?

மாமியார் சட்டென்று தெலுங்குக்கு மாறினார். சென்னையிலிருந்து வந்த டாக்டருக்குத் தெலுங்கு தெரியாது. இந்தப் பக்கத்து ஆளான எனக்குத் தெரியும்.

"தானிக்கி செப்பொத்து," என்றார் என்னைப் பார்த்து. அவளிடம் சொல்லாதே.

நான் தாளைக் கட்டிலில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். இந்த அறையில் பேசப்படும் எல்லாவற்றையும் இவளுக்குச் சொல்வதுதான் என் வேலை என்று முதலில் வாயால் சொன்னேன். பிறகு கையால் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது தாள், இனிமேல் உனக்குக் குழந்தை பிறக்காமலிருக்கச் செய்யும் ஆபரேஷனுக்கு. வீட்டில் முடிவு செய்துவிட்டார்களாம். எல்லாமே ஒரே ஆபரேஷன் என்று உன்னிடம் சொல்லச் சொல்கிறார் டாக்டர். உன்னிடம் சொல்லாதே என்கிறார் உன் மாமியார்.

அவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவைத்தான் முதலில் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன், அவளாக.

அவளுடைய அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டு என்னிடம்தான் பேசினார், மகளிடம் அல்ல. "டீச்சரம்மா, இவள வளக்க நான் பட்டது போதும்மா. நாளைக்கு இன்னொண்ணும் இப்டியே பொறந்துச்சின்னா யாரு தூக்கிகினு அலையறது? நல்லதுக்குத்தான் சொல்றோம்."

அதையும் சைகையில் சொன்னேன். என் அம்மாவைப் பற்றியும் ஊர் இதைத்தான் சொல்லியிருக்கும்.

அவள் கை பறந்தது. என் வாயிலிருந்து அவள் குரல் வந்தது, நான் நினைத்ததைவிடச் சத்தமாக. "என் வயித்தை யாரும் தொடக் கூடாது. என்னைக் கேக்காம என் வயித்துல என்ன இருக்கணும், என்ன இருக்கக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

அண்ணன்காரர் எழுந்தார். "நீ யாரும்மா வந்து எங்க வூட்டு விஷயத்துல கத்திகினு கீற?"

"நான் கத்தலைங்க. இது உங்க தம்பி பொண்டாட்டி பேசறது."

"அவளுக்குத்தான் பேச்சே வராதே!"

அதையும் அவளுக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் கணவன் இளநீரோடு உள்ளே வந்தான். எல்லார் முகத்தையும் பார்த்தான். அவள் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் தேவையில்லை. ஆனாலும் பார்க்காமலிருக்க முடியவில்லை. அவன் இளநீரைக் கீழே வைத்தான். தெரியும் என்றான். அண்ணன் சொன்னார், ஒன்று போதும் என்றார். வீடு அண்ணனுடையது, வேலை அண்ணனுடையது, நான் என்ன சொல்ல முடியும் என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

காது கேட்கிறவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். கைமொழி பேசுகிறவர்களுக்கு இது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது. அவன் அவள் தோளைத் தட்டினான், முகவாயைத் தொட்டுத் திருப்பினான். அவள் கண்ணைத் திறக்கவேயில்லை. பார்க்க ஆளில்லாத கைகளைக் காற்றில் வைத்துக்கொண்டு அவன் கட்டிலின் முன்னால் நின்றான்.

கடைசியில் கண்ணைத் திறந்து அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். முதல் தாளில் போடுகிறேன், இரண்டாவதில் போட மாட்டேன் என்று டாக்டரிடம் சொல் என்றாள். சொன்னேன்.

"சரி, வேணாம்னா விடுங்க," என்றார் டாக்டர். தாளை மடித்து நர்ஸிடம் கொடுத்தார். அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரத்தை மூட்டியது அதுதான். இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி வேண்டாம் என்றதுபோல விட்டுவிட்டார். அவ்வளவு லேசான விஷயம். நான் கூட்டத்தில் மாட்டி வராமல் இருந்திருந்தால், அவ்வளவு லேசாகவே நடந்தும் முடிந்திருக்கும். பிறகு எத்தனை வருஷம் கழித்து ஏன் இன்னொரு குழந்தை வரவில்லை என்று இவள் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியிருப்பாளோ. அந்த ஆஸ்பத்திரிகளிலும் யாராவது ஒருவர் துணைக்கு வந்தவர்களிடம் சொல்லியிருப்பார், அவளிடம் சொல்லாதீர்கள் என்று.

மறுநாள் தியேட்டருக்குள் என்னை விட மாட்டோம் என்றார்கள். வெளியாள், ரூல் இல்லை. வாசலிலேயே நின்றேன். அவளுடைய வாயை அடைத்துவிட்டு ஆபரேஷன் செய்வீர்களா, கையைக் கட்டுவது அதுதான் என்று கேட்டேன். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வயதானவர், அதைக் கேட்டுவிட்டு என்னைக் காட்டி, "அந்தம்மாவுக்கு ஒரு கவுன் குடுங்க," என்றார். ஒரு கையில் டிரிப்ஸும் பிபி பட்டையும் சேர்த்துப் போட்டு, வலது கையை விட்டுவைத்தார்கள். ஒரு வார்த்தை பேசினால் நடக்கிற காரியம்தான். யாரும் பேசியதில்லை.

தலைமாட்டில் நின்றுகொண்டு, இப்போது வெட்டுகிறார்கள், இப்போது அழுத்துவார்கள், பயப்படாதே என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். பெண் குழந்தை. அழுகிறது என்றேன். எப்படி அழுகிறது என்று கேட்டாள். வாயைப் பெரிதாகத் திறந்து, கோபமாக என்றேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன்.

அதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் சாயந்தரம் நான் அறைக்குப் போனபோது மாமியார் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. குழந்தை திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்தது.

"கேக்குது! வினபடுதுந்தி!" மாமியார் இரண்டு மொழியிலும் கத்தினார். அண்ணன்காரர் உடனே போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். நர்ஸுக்கெல்லாம் கொடுத்தார்கள். எனக்கும் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

படுத்திருந்தவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நடக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். ஸ்வீட் டப்பாவைக் காட்டி, இவர்களிடம் ஒன்று கேள் என்றாள்.

"குழந்தை திடுக்கிடாம இருந்திருந்தா, இந்த ஸ்வீட்டை என்ன பண்ணியிருப்பீங்க?"

அவளாகத்தான் கேட்டேன். அவளுடைய அம்மா மட்டும் கையிலிருந்த துண்டைத் தின்னாமல் டப்பாவிலேயே திருப்பி வைத்தார்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் மையத்துக்குப் புகார் வந்திருந்தது. நிர்வாகி என்னைக் கூப்பிட்டார்.

"மொழிபெயர்க்கத்தானே உங்கள அனுப்பறோம். குடும்பத்துல சண்டை மூட்டறதுக்கா?"

"மொழிதாங்க சார் பெயர்த்தேன். வேற ஒண்ணும் செய்யல."

"எல்லாத்தையுமா சொல்வாங்க? கொஞ்சம் சூழ்நிலை பார்த்து விட்டுக்குடுத்துப் போகணும். நாளைக்கு நம்மள யார் கூப்பிடுவாங்க?"

அந்த ஆஸ்பத்திரி பிறகு என்னைக் கூப்பிடவேயில்லை. காது கேளாதவர்கள் அங்கே இப்போதும் போகிறார்கள். யார் அவர்களுக்கு என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. காது கேளாதவர்களுக்கென்றே நடத்துகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் "எல்லாத்தையுமா சொல்வாங்க" என்று கேட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தினமும் அவருக்கு வணக்கம் வைக்கிறேன். மன்னிக்கவில்லை.

அவள் மாமியார் வீட்டுக்குத் திரும்பவில்லை. கொஞ்ச நாள் அம்மா வீட்டிலிருந்துவிட்டு, குழந்தையோடு அரக்கோணத்தில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பிடித்தாள். கணவன் வாரா வாரம் வந்து வாசலில் நின்றான். சில மாதங்கள் அவள் அவனை உள்ளே விட்டாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவன் அண்ணனுடைய கொட்டகையை விட்டுவிட்டு ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இப்போது மூன்று பேரும் ஒன்றாக இருக்கிறார்கள். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பால் வேண்டும் என்றால் கையை மூடித் திறந்து காட்டுகிறது.

போன மாதம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த நாளைப் பற்றி நானாகப் பேச்சை எடுத்தேன். அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைக்கு உன் கை சரியாகவே வரவில்லை என்றாள் அவள். கோபத்தில் வேகவேகமாகச் சைகை போட்டாய். பாதி எனக்குப் புரியவில்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ பெரிய அநியாயம் என்று தெரிந்துகொண்டேன்.

எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. கோபம் வராமல் எப்படி இருக்கும் என்றேன்.

அது என் கோபம் என்றாள். என் வயிறு, என் அம்மா, என் புருஷன். முதலில் நான் கோபப்பட்டு முடிக்கிறேன். நீ நிதானமாகக் கையைப் போடு. பிறகு வெளியே போய் எவ்வளவு வேண்டுமானாலும் கத்து.

சரி என்றேன். குழந்தை போனைப் பிடுங்கித் தரையில் போட்டது. திரையில் கொஞ்ச நேரம் அவர்கள் வீட்டுக் கூரையில் மின்விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்தது.