சாதிக்காய்ப் பூவின் வயிறு

எங்கள் வளவின் மூலையில் நிற்கும் சாதிக்காய் மரம் இத்தனை வருசத்தில் ஒரு காய் காய்த்ததில்லை. "பலாமர நிழல் அமுக்குது. வெளிச்சம் பட்டாக் காய்க்கும், பொம்பள மரந்தான்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் காலமான பிறகு பலாவும் காற்றில் சாய்ந்தது. வெளிச்சம் கொட்டியது. காய் வரவில்லை.

அந்த மரத்தடியில் என் தலைப்பிள்ளை கிடக்கிறது. பிறந்து அழாமலே போன பிள்ளை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் அவரே துணியில் சுற்றிப் புதைத்து, மேலே சாதிக்காய்க் கன்றை வைத்துவிட்டார். "பொம்பளப் புள்ள" என்றார். நான் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இன்றுவரை மகளே என்று செபம் சொல்லி வருகிறேன்.

போன மாதம் மகன் வந்து நின்றான்.

"அம்மா, அது ஆண் மரம். வெட்டிட்டு மிளகு போடுவோம்."

"ஒனக்கு யாருடா சொன்னது?"

"பூவப் பாருங்களேன். மூக்குக்கண்ணாடி வாங்கித் தந்தது அலுமாரிக்கு மாட்டவா?"

பார்க்கத் தெரியாதவளல்ல நான். பல்லேபொலப் பக்கம் எத்தனையோ தோட்டங்களில் சாதிக்காயைச் சுற்றியிருக்கும் சிவந்த வசவாசியை உரித்த கை இது. இந்த மரத்துப் பூவை மட்டும் தொட்டதில்லை.

மறுநாள் பக்கத்து வளவில் காய்க்கிற மரத்திலிருந்து ஒரு பூவும், எங்கள் மரத்திலிருந்து ஒரு கொத்தும் பறித்துச் சுளகில் வைத்தேன். இரண்டும் ஒரே வெளிர்மஞ்சள், ஒரே வாசம். காய்க்கிற மரத்துப் பூ தனியாக, அடி பருத்து இருந்தது. நகத்தால் கீறினேன். உள்ளே சின்ன வயிறு, அதன் உச்சியில் பிளந்த உதடு. எங்களுடையது ஒல்லி. கீறினால் வயிறே இல்லை. நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றிப் பூந்தூள். கொத்து முழுவதையும் கீறிவிட்டேன்.

மரம் வேறு, பிள்ளை வேறு. அது எனக்குத் தெரியும். ஆனால் வருசாவருசம் ஏறிக் கிளை கழித்தவர் இந்தப் பூவைப் பார்க்காமலா இருந்திருப்பார்? மரத்தைப் பற்றித் தெரிந்தே பொய் சொன்னவர், பிள்ளையைப் பற்றி?

"பாத்தீங்களாம்மா?" என்றான் மகன்.

"பாத்தேன். ஆண்தான்."

"அப்ப வெட்டலாமா?"

"கத்தியத் தொட்டுப் பாரு. இது நிக்காட்டி அடுத்த வளவுக்கு ஏதுடா காய்?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அன்று மாலை செபமாலையை எடுத்தேன். மகளே என்று வாய்வரை வந்தது, நின்றுவிட்டது. காற்றே இல்லை, மரத்தடியில் சருகு அசைந்தது. யாரோ தன்னைக் கூப்பிடுவதற்காகக் காத்து நிற்பதுபோல.

"புள்ள" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.