கஞ்சி போட்ட பேண்டேஜ்

இயற்பியல்தான் படிப்பு, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டு இருபது வருடமாக இராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் பாடம் நடத்தி வருபவள் நான். அறிவியல் கண்காட்சிக்கு வரும் ஒவ்வொரு குழுவிலும் எல்லாப் பிரிவு மாணவர்களும் கலந்திருக்க வேண்டும் என்று போன வருடம் சுற்றறிக்கை வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிளஸ் ஒன் கணக்குப் பிரிவிலிருந்து வகுப்பின் முதல் மாணவனையும், உயிரியல் பிரிவிலிருந்து ஒரு பெண்ணையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். வணிகவியல் பிரிவிலிருந்து, கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே தகுதிக்காக, இன்னொரு பெண்ணைச் சேர்த்தேன்.

எங்கள் தலைப்பு பேண்டேஜ் துணி. எங்கள் பக்கம் அது நெய்யாத தெரு குறைவு. துணிகளை நாடாவாகக் கிழித்துக் கம்பியில் தொங்கவிட்டு, நுனி மட்டும் சிவப்பு மை கலந்த தண்ணீரில் படும்படி வைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் எதில் எவ்வளவு உயரம் தண்ணீர் ஏறுகிறது என்று அளக்க வேண்டும். பேண்டேஜ், சேலைத் துணி, கிழிந்த கைலி என்று மூன்று நாடாக்கள். பள்ளியில் ஒவ்வொரு தடவையும் பேண்டேஜ்தான் ஜெயித்தது.

வணிகவியல் பெண்ணின் அப்பா பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர். அவர்கள் வீட்டில் டீ வடிகட்டுவதும் பேண்டேஜ் துணியில்தான், அடுப்படி துடைப்பதும் அதில்தான். டிபன் பாக்ஸைக்கூட அதில் சுற்றித்தான் கொண்டுவருவாள். "பாக்ஸுக்கு எத்தனை தையல் போட்டிருக்காக?" என்று முதல் மாணவன் தினமும் அக்கறையாக விசாரிப்பான்.

ஒரு நாள் அவள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நானும் ரெண்டு வார்த்தை பேசட்டுமா? துணியைப் பத்தி எங்க அப்பா நெறையச் சொல்லுவாக."

"ஏட்டி, இது சயின்ஸு. நீ சார்ட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னாப் போதும்."

அவள் முகம் வாடிப்போனது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கண்காட்சி ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே தேர்வானால் அடுத்து மாவட்ட அளவு. முந்தின நாள் பார்த்தால், பலமுறை நனைந்து காய்ந்த பேண்டேஜ் கசங்கிக் கிடந்தது. நடுவர் முன்னால் இப்படியா வைப்பது? கஞ்சி போடாத சேலையில் நான் வாசல் தாண்டியதில்லை. ஆட்டோவில் முதலில் என் சேலை ஏறும், பிறகுதான் நான் ஏறுவேன். அந்தப் பேண்டேஜை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, என் சேலைகளுக்கு வைத்திருந்த கெட்டிக் கஞ்சியில் முக்கி, மாடியில் காயப்போட்டு, இஸ்திரியும் போட்டேன். அட்டை மாதிரி நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. கஞ்சி போடுவதை எல்லாம் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

மறுநாள் காலை நடுவர் எங்கள் மேஜைக்கு வந்தார். முதல் மாணவன் கணீரென்று ஆரம்பித்தான். நுண்புழை என்றான், பரப்பு இழுவிசை என்றான், நாடாக்களைத் தண்ணீரில் இறக்கினான். கிழிந்த கைலியில் சிவப்பு கிடுகிடுவென்று ஏறியது. சேலைத் துணியில் நிதானமாக ஏறியது. பேண்டேஜில் நுனி மட்டும் சிவந்து, அதோடு நின்றுவிட்டது.

நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அப்போ காயத்துக்குக் கைலியைக் கட்டச் சொல்றீங்களா தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் உயிரியல் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். நடுவர் மதிப்பெண் தாளில் பேனாவை வைத்தார்.

"செத்த நேரம் பொறுங்க சார்."

குரல் சார்ட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. வணிகவியல் பெண் சார்ட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, பேண்டேஜை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"இதுல கஞ்சி ஏறியிருக்கு சார். தறியில இருந்து வார துணியும் இப்படித்தான் இருக்கும். நெய்யும்போது நீளவாக்குல ஓடுற பாவு நூல் அறுந்துரக் கூடாதுன்னு கஞ்சி போடுவாக. பொறவு அதைக் காய்ச்சி எடுத்து வெளுத்தாத்தான் துணி தண்ணி குடிக்கும்."

"கஞ்சிதான்னு எப்படிம்மா நிரூபிப்பே?"

அது அவளுக்குத் தெரியவில்லை. உயிரியல் பெண் தலை நிமிர்ந்தது அப்போதுதான். அழகுக்காக மேஜையில் வைத்திருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்து, புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தை எடுத்து, துணியில் ஒரு சொட்டு விட்டாள். பழுப்பாக விழுந்த மருந்து கருநீலமானது. "ஸ்டார்ச் சார்" என்றாள். பெட்டியில் மருந்தும் பஞ்சும்தான் இருந்தன. கஞ்சி இல்லாத பேண்டேஜுக்கு எங்கே போவது என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில், முதல் மாணவன் பாய்ந்துபோய் அந்த டிபன் பாக்ஸின் கட்டை அவிழ்த்தான். அதிலிருந்து ஒரு நாடாவைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அயோடின் அதில் பழுப்பாகவே இருந்தது. சிவப்புத் தண்ணீர் கைலியை முந்திக்கொண்டு ஏறியது.

மூவரும் ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிக்கொண்டு பேசினார்கள். இருபது வருடத்தில் என் வகுப்பில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"எல்லாம் சரி, இதுக்கு யாரு கஞ்சி போட்டது?" என்றார் நடுவர்.

மூவரும் மொடமொடவென்று நின்ற என் சேலையைப் பார்த்தார்கள்.

"டீச்சர்தான் சார்" என்றாள் வணிகவியல் பெண். "ஒப்பிட்டுப் பாக்கணும்னு வேணும்னே போட்டாக."

பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். சார்ட்டைப் பிடி என்று நான் ஒதுக்கியவள் என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"இல்ல சார், தெரியாமப் போட்டேன். இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பா."

நடுவர் சிரித்துவிட்டு எங்களை மாவட்ட அளவுக்கு அனுப்பினார். அங்கே எங்கள் சோதனையே கஞ்சி எடுத்த துணிக்கும் எடுக்காத துணிக்கும் இடையில்தான். அதற்குத் தயாரானபோது அவள் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"டீச்சர், துணியை மட்டும் நீங்க தொட்டுராதீக."

தொடவில்லை. மாவட்டக் கண்காட்சியில் மைக்கை வாங்கி முதலில் பேசியவள் அவள்தான். மற்ற இருவருக்கும் கை நிறைய வேலை இருந்தது. சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.