பதினொரு ஆப்சென்ட்

1. டைம் ஆபீஸ்காரன்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் ஒன்பது வருடம் வருகைப் பதிவு எழுதினேன். ஆட்குறைப்பில் என்னையும் வெளியே அனுப்பினார்கள். நரம்பு ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஒருவர் ரெஜிஸ்டர் எழுத ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது.

டாக்டருக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எலி மூளையைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியவர். இப்போது பருத்திக்குப் பூச்சி மருந்து அடிப்பவர்களின் கால் நரம்பை ஆராய வந்திருந்தார். சீசனுக்கு முன் ஒரு டெஸ்ட், முடிந்த பின் ஒரு டெஸ்ட். காலில் லேசாகக் கரண்ட் கொடுத்தால் நரம்பு என்ன வேகத்தில் வேலை செய்கிறது என்று மெஷின் கோடு போட்டுக் காட்டும்.

"ஆள் வந்தா டிக், வரலேன்னா ஆப்சென்ட். இதுல தப்பு வரக் கூடாது" என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒன்பது வருடமாக வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்?

2. இரண்டாவது டெஸ்ட்

இரண்டாவது டெஸ்டுக்குப் பதினொரு பேர் வரவில்லை. சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டேன்.

"இவங்கல்லாம் ஏன் வரல?" என்று டாக்டர் கேட்டார்.

"பருத்தி எடுப்பு நடக்குது சார். கூலிய விட்டுட்டு எவன் வருவான்?"

யாரையும் கேட்டுக்கொண்டு நான் இதைச் சொல்லவில்லை. வராதவன் வீட்டுக்குப் போய் விசாரிப்பது டைம் ஆபீஸ் வேலை கிடையாது. வராதவன் சோம்பேறி, இல்லாவிட்டால் வேறு கூலிக்குப் போனவன். அந்தத் திமிரை மூட்டை கட்டி இங்கேயும் கொண்டுவந்திருந்தேன். வராதவர்களில் சிலருடைய ஊரான சேத்தூர் வரை ஒரு நடை போய்ப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். "வீண் அலைச்சல் சார்" என்று தடுத்ததும் நான்தான்.

வந்தவர்களின் நரம்பு நன்றாகவே இருந்தது. பதினொரு பேரையும் ஒதுக்கிவிட்டு, இந்த மருந்தால் நரம்புக்குக் கேடில்லை என்று டாக்டர் கட்டுரை எழுதினார்.

3. பேர் வாங்கிய கட்டுரை

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. பிரதி கேட்டு எந்தெந்த நாட்டிலிருந்தோ தபால் கார்டுகள் வந்தன. கவரில் போட்டு அனுப்புவது என் வேலை.

வருடத்துக்கொரு முறை டாக்டர் மெட்ராஸ் போய் ஒரு நூலகத்தில் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்ற தடித்தடிப் புத்தகங்களைப் புரட்டுவார். நம் கட்டுரையை எந்த ஊர்க்காரர் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார் என்று அதில் பார்க்கலாம். எலி மூளைக் கட்டுரைகளைச் சீண்ட ஆளில்லை. இதற்கு மட்டும் வரிசை நீண்டுகொண்டே போனது. அதை வைத்தே அவருக்கு மதுரையில் புரொபசர் பதவி கிடைத்தது. எனக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். நானும் உரிமையோடு தின்றேன்.

4. சேத்தூர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சேத்தூர் போனேன். பந்தலுக்கு எதிர்வீட்டில் ஒருவர் கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்ந்து வாசலுக்கு வந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"மிசின் டாக்டர்ட்ட இருந்தவுகதான நீங்க? இவிய மாரியப்பன். மருந்தடிச்ச அந்த வருசமே கால் வெளங்காமப் போச்சு. ரெண்டாந்தடவ டெஸ்டுக்கு வர பஸ் ஏற முடியல. ஆளனுப்பிக் கேப்பாகன்னு எம்புட்டு நாள் பாத்துக்கிட்டுக் கெடந்தாக தெரியுமா?"

"நான் வரணும்னுதான்யா நெனச்சேன்" என்றார் மாரியப்பன், தப்புச் செய்தவர் மாதிரி.

மறுநாளே பழைய ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிருஷ்ணன்கோவில், பிளவக்கல் என்று இரண்டு வாரம் அலைந்தேன். பதினொரு பேரில் ஒருவர்தான் நிஜமாகவே பருத்தி எடுக்கப் போயிருந்தார். மூன்று பேர் இறந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கெல்லாம் கால் போயிருந்தது.

5. திருத்தம்

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கை நீட்டி அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ரெஜிஸ்டரை வாங்கிச் சிவப்பு மைப் பேர்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நீரு சொன்னீரு, நான் நம்புனேன். எழுதுனது நான்தானய்யா" என்றார்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். முன்பு எழுதிய முடிவு தவறு என்று டாக்டர் அதே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கடைசிப் பக்கங்களில் சின்னதாகப் போட்டார்கள். அதன் பிறகும் வருடாவருடம் மெட்ராஸ் போனார், அந்தக் கடிதத்தை யாராவது எடுத்துக்காட்டியிருக்கிறார்களா என்று பார்க்க.

"பழசுக்குத்தான்யா இன்னும் ஏறிக்கிட்டே போவுது. கடுதாசிய ஒருத்தனும் திரும்பிப் பாக்கல" என்பார்.

சில வருடம் கழித்து மாரியப்பன் இறந்துபோனார். காரியத்துக்குப் போனேன்.

"எம் மவனும் இப்ப அதே மருந்தத்தான் அடிக்கான். நீங்க சொன்னாலாச்சும் கேப்பான்" என்றாள் பேச்சியம்மாள்.

அவனைத் தனியாக அழைத்து, வேண்டாமப்பா என்றேன். உரக்கடையில் கொடுத்த நோட்டீஸ் ஒன்றை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். நரம்புக்குக் கேடில்லை என்று ஆராய்ச்சி நிரூபித்திருப்பதாக அதில் போட்டிருந்தது.

"கீழ போட்டிருக்கது உங்க டாக்டர் பேருதான அண்ணாச்சி? பொறவு என்ன?"

அது தப்பு, திருத்தி எழுதிவிட்டோம் என்று எவ்வளவோ சொன்னேன். "அப்படின்னா இதுல போட்டிருப்பாகல்லா?" என்று நோட்டீஸைப் பத்திரமாக மடித்துக்கொண்டான்.

ஆராய்ச்சி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வராத ஆளைத் தேடி அன்றைக்கே போங்கள். நான் பல வருடம் கழித்துத்தான் போனேன். அதற்குள் அந்தக் கட்டுரை எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.