ஓடைக்கு இக்கரையில் சொன்ன பாடம்

பச்சை மஞ்சளில் நனைத்த கயிறு மணிக்கட்டில் காயும்போது எழும் வாசனை, இந்த வயதிலும் என்னை அழவைத்துவிடுகிறது. மாரியாத்தாளுக்குக் 'காப்பு' கட்டும் கயிறு அது. கட்டிவிட்டால் நோன்பு முடியும்வரை குழந்தைகுட்டிகள்கூட ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டிலிருந்த எங்கள் ஊருக்கு எல்லை ஓர் ஓடை. வெள்ளைக்காரன் காலத்தில் ஜில்லா போர்டார் தந்த ஓலைக்கொட்டகைப் பள்ளிக்கூடமோ, சமதரை அங்கேதான் கிடைத்தது என்று, அக்கரையில் நின்றது.

நான் இரண்டாம் வகுப்பு. அதற்குமுன் எங்கள் ஊரில் எந்தப் பெண்பிள்ளையும் எழுத்துப் படித்ததில்லை. "எங் கண்ணு மாரியாத்தா பாட்டைப் படிக்கோணும், நான் கேக்கோணும்" என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் அப்பா சொல்வார்.

அந்த வருஷம் காப்புக் கட்டிய மறுநாள், பேளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வரும் எங்கள் வாத்தியார் மூச்சிரைக்க வந்து, நாளைக்கே பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார். பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணித்தான் போர்டு பணம் ஒதுக்கும், ஆள் இல்லையென்றால் மூடிவிடலாம் என்பது சட்டமாம். ஆத்தாளுக்குக் கட்டிய காப்பை அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

"ஓடையோரம் நிறுத்திப் படிக்கச் சொல்லுவோம். காதுள்ள மனுசன் கேக்காமயா போவாரு?" என்றார் அப்பா.

அப்படியே குளித்து, திருநீறு பூசி, இக்கரையில் வரிசையாக நின்று, தண்ணீர்ச் சத்தத்தை மீறி ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்தினோம். அக்கரையில் இன்ஸ்பெக்டர் காலிப் பலகைகளையே பார்த்தார். கூட வந்த குமாஸ்தா சிரித்தார்.

"கயித்துக்குப் பயந்தவங்களுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?"

"ஓடையத் தள்ளி வெக்கச் சொல்லுங்க சாமி, உள்ளாரயே வந்து உக்காந்துக்கறோம்!" என்று என் அத்தை பதிலுக்குக் குரல் கொடுத்தாள்.

அப்பா கைகூப்பினார். "ஏனுங்க, கீழ இருக்கறவங்களாட்டம் நாங்களும் பள்ளிக்கூட வரி கட்டறமுங்க. அவங்களுக்கு ஓட்டுக் கட்டடம், எங்களுக்கு இந்த ஓலை. நோன்பு முடிஞ்சு ஒருக்கா வந்து எண்ணுங்க சாமி."

"கீழயும் இதே சட்டந்தானப்பா. மலைக்குன்னு தனியா ஒண்ணு எழுத எனக்கு அதிகாரமில்லே" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். எட்டாம் வாய்ப்பாட்டை நாங்கள் தொடங்குமுன் டோலியில் ஏறிவிட்டார்.

சாமை அறுப்புக்கு முன்பே பள்ளியை மூடிவிட்டார்கள். வாத்தியார் கீழே போனவர் திரும்பவில்லை. அப்பா மனுக் கொடுக்க மலையிறங்கி இறங்கி ஓய்ந்து, ஒரு பாட்டும் கேட்காமலே ஆத்தா காலடிக்குப் போய்ச் சேர்ந்தார். வரி மட்டும் நிற்கவில்லை.

இன்று ஓடைமேல் பாலம் இருக்கிறது, பஸ் வருகிறது. கொட்டகை நின்ற இடத்தில் மரவள்ளி. என்னோடு வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் இல்லை. ஆத்தா பாட்டுப் புத்தகம் என் பூசை மாடத்தில் இருக்கிறது. எழுத்துக் கூட்டி முதல் வரியைத் தாண்ட முடிவதில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். ஆத்தாள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அன்றைக்கு அவள் கேட்டிருப்பாள். காப்புக் கட்டும் நாளில் இப்போதும் ஓடைக்கரைக்குப் போய் நிற்கிறேன். ஏழாம் வாய்ப்பாடு தானாக வாயில் வருகிறது. எட்டு எனக்குத் தெரியாது.