பட்டாணியளவு கட்டி

பினாங்கு ஆஸ்பத்திரியில் விடிந்ததும் சீன நர்ஸ் ஒருத்தி கட்டில் கட்டிலாக வந்து, "சுடா பெராக்?" என்று கேட்பாள். ஆறு வருஷமாகத் தமிழ் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற எனக்குக் கடைத்தெரு மலாய்க்கு மேல் தெரியாது. முதல் நாள், பேராக் மாநிலத்து ஆளா என்று கேட்கிறாளாக்கும் என நினைத்து, "இல்லை, பினாங்குதான்" என்றேன். வார்டே சிரித்தது. வெளிக்குப் போயாயிற்றா என்பதுதான் அந்தக் கேள்வி. நான் மட்டும் சிரிக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டே செத்தவன் என் அண்ணன் ஆவுடையப்பன்.

யுத்த காலத்தில் ஓர் ஆடித்தபசுத் திருவிழா. சங்கரன்கோவிலில் எங்கள் வீடு நிறைய விருந்தாட்கள். எல்லோரும் பந்தியில் உட்கார, அண்ணன் மட்டும் நின்றுகொண்டே சாப்பிட்டான். அவன் வேட்டியில் ரத்தக்கறை இருந்தது. நான் பார்த்ததைக் கண்டு கொல்லைக்கு இழுத்துப்போனான்.

"ஏலே, மூலச்சூடுதான். அம்மைட்ட சொல்லிராத."

"ஆஸ்பத்திரிக்குப் போவமாண்ணே?"

"அங்கன போயி அடுத்தவன் முன்னால குனிஞ்சி நிக்கச் சொல்லுதியா?"

நான் சொல்லவில்லை. துத்தியிலை, கருணைக்கிழங்கு, கோயில் புற்றுமண் என்று எட்டு மாதம் போயிற்று. அம்மைக்குத் தெரிந்தபோது அவன் எலும்பாகக் கிடந்தான்.

எனக்கும் ரத்தம் கண்டபோதுதான் இந்த ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை காயத்துக்குக் கட்டுப்போடும் யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் தமிழில் சொன்னார்.

"இது மூலம் இல்லைத் தம்பி. மலக்குடலில பட்டாணியளவு கட்டி. மெதுவா வளருற சாதி. கீழால அதை மட்டும் வெட்டி எடுக்கலாம். ஆனா திரும்ப வருதோ எண்டு வருஷக்கணக்கா இங்க வந்து காட்டவேணும். இல்லாட்டி மலக்குடலையே எடுத்துப்போட்டு வயித்தில வழி வைப்பினம். பிறகு நீர் ஊருக்குப் போகலாம்."

"அப்ப வெளிக்குப் போறது?"

"வயித்தாலதான். சாகுமட்டும். சின்ன ஒப்பரேஷனே போதும் எண்டுறார் டாக்டர். முடிவு உம்மட."

தை மாதம் ஊர் திரும்புவதாக, அங்கே இருக்கும் என் மனைவி கோமதிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வயிற்றில் வழியோடு போனால் பஸ்ஸில் எப்படி உட்காருவேன், கோயிலுக்குள் எப்படி நுழைவேன்? சின்னதைச் செய்தால் ஊரே இல்லை. கண்ணை மூடினால் அண்ணன் தட்டோடு நிற்கிறான். கோமதிக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அது அவன் குரல். உடனே எதையும் மறைக்காமல் விமானத் தபாலில் அவளுக்கு எழுதினேன்.

பதில் வந்தது: "எப்படி வந்தாலும் நீங்க என் புருசன்தான். ஆனா சின்னதே போதும்னு டாக்டர் சொல்லுதாருன்னா அதையே செய்ங்க. உங்களால வரமுடியாட்டி என்ன, நான் அங்கன வாரேன்."

சின்னதைத்தான் செய்துகொண்டேன். அவளும் கப்பலேறி வந்துவிட்டாள். ஆறு மாதத்துக்கொரு தடவை டாக்டர் முன்னால் குனிகிறேன். திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் நிற்பதுபோலவே இருக்கிறது. போன தடவை டிரஸ்ஸர் பரிசோதனை அறை அலமாரியைக் காட்டினார். மருந்துத் தண்ணீர் நிறைந்த குப்பியில் என் சதைத் துண்டு மிதந்தது. மேலே ஒட்டிய சீட்டில் என் பெயர். அதன் கீழே, சொந்த ஊர்: சங்கரன்கோவில்.