வால் அக்காவின் பத்து நிமிடம்

ஊரைக் கூட்டுவது அவள் வேலை. முனிசிபாலிட்டியில் பதினாறு வருஷம். காலை ஐந்து மணிக்குக் கடைத்தெருவில் துடைப்பத்தோடு இறங்கினால் ஒன்பது மணிக்குள் தெரு பளிச்சென்று ஆகிவிடும். குப்பையை லாரி அள்ளிக்கொண்டு போய் ஏரிக்கரையில் கொட்டும். அந்த ஏரிக்கரையில்தான் அவள் வீடு. ஆக, அவள் கூட்டித் தள்ளிய குப்பை தினமும் அவளை முந்திக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் ஈ, மூடினால் புழுக்கம். மகளுக்கு இருமல் நின்றபாடில்லை.

ஏரியைக் காப்பாற்ற இருபத்து மூன்று நாள் நடைப்பயணம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கால்வாயை ஒட்டி மேலே போய், பதினோரு ஊர்களைச் சுற்றி, மறுபடி இதே ஊரில் முனிசிபாலிட்டி வாசலில் முடியும். நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஒன்றும் ஆசையில்லை. பதினாறு வருஷமாக நடந்தது போதாதா? நோட்டீஸின் கடைசி வரிதான் அவளை இழுத்தது. தினமும் மாலையில் நடப்பவர்களில் ஒருவர் மைக்கில் பத்து நிமிடம் பேசலாம். எந்த லாரி எத்தனை மணிக்கு எதைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அதை ஒரு தடவை நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட வேண்டும். சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் எழுதிக் கொடுத்தாள்.

"வேலை போயிடும்மா," என்றாள் மகள்.

"போனா போகட்டும். உன் இருமல் போகுமில்ல."

பயணத்துக்குத் தலைவர் ஒரு ஓய்வு பெற்ற பேராசிரியர். பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது என்பது அவர் போட்ட முதல் விதி. ஆனால் வழியில் ஒவ்வொரு ஊரிலும் அன்பர்கள் தண்ணீர் பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக நீட்டினார்கள். அன்பை மறுக்கலாமா? வாங்கிக் குடித்தார்கள். குடித்த பாட்டிலை எங்கே போடுவது என்பதற்கு விதி ஏதும் இல்லை.

இரண்டாம் நாளே கை பரபரத்தது அவளுக்கு. தேநீர்க் கடையில் ஒரு சாக்கு கேட்டு வாங்கி, கடைசி ஆளாகப் பொறுக்கிக்கொண்டே வந்தாள். வால் அக்கா என்று பெயர் வைத்தார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். கீழே போடாமல், "அக்கா, இந்தாங்க," என்று கையிலேயே கொடுத்தார்கள். பெரிய மனசு. சாக்கைச் சுமந்துகொண்டு அவள் முகாமுக்கு வருவதற்குள் கூட்டம் முடிந்து, மைக்கைக் கழற்றியிருப்பார்கள். பதினைந்தாம் நாள் அவளுக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானமே நிறைவேற்றினார்கள். அதற்கும் அவள் தாமதமாகத்தான் வந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் பேராசிரியரை மடக்கினாள்.

"சார், என் பத்து நிமிஷம் என்ன ஆச்சு?"

அவருக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது. "நாளைக்கு முனிசிபாலிட்டி வாசல்ல நீங்கதான் பேசறீங்க. ஆனா நேரத்துக்கு வந்துடணும்."

மறுநாள் சாக்கை மடித்து வேனில் போட்டுவிட்டு முதல் வரிசையில் நடந்தாள். பதினெட்டு கிலோமீட்டர். கை வீசி நடப்பது இவ்வளவு சுகமா என்றிருந்தது. சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்களோ, அக்கா வழக்கம்போல வாலில் வருகிறாள் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

வாசலில் மைக்கை வாங்கினாள். "காலையில ஆறரை மணிக்கு முதல் லாரி..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், ஆணையரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையிலிருந்த போனில் ஒரு படத்தை உயர்த்திக் காட்டினார்.

"ஏரியைக் காப்பாத்த வந்தவங்க ரோட்டை என்ன பண்ணி வச்சிருக்கீங்க, பாருங்க."

சாலை நெடுக பாட்டில்கள், காகிதக் கோப்பைகள். பேராசிரியர் முகம் வெளிறி அவளிடம் திரும்பினார். "ஏன் அக்கா, இன்னைக்குப் பொறுக்கலையா?"

மைக் அவள் கையில் இருந்ததால் அது ஊருக்கே கேட்டது. அவளுக்கு அவமானமாகிவிட்டது. முந்நூறு பேர் போட்ட குப்பைக்கு அவள் ஒருத்தியா பதில் சொல்வது? ஆனாலும் விடவில்லை.

"இருபது நாளுக்கு மேல பொறுக்கினேன், யாரும் எட்டிப் பாக்கல. ஒரு நாள் விட்டேன், ஐயாவே கீழ இறங்கி வந்துட்டாரு."

சிரிப்பு எழுந்தது. ஆணையரும் சிரித்தார். "கவலைப்படாதீங்க. ஒரு மணி நேரத்துல மொத்தத்தையும் அள்ளச் சொல்லிட்டேன்."

பலத்த கைதட்டல். நடந்து வந்தவர்கள்தான் எல்லோரையும்விட அதிகம் தட்டினார்கள். "அள்ளி எங்கய்யா கொட்டுவீங்க?" என்று அவள் கேட்டது அதில் அமுங்கிப் போயிற்று. பேராசிரியர் மைக்கை வாங்கி நன்றியுரை ஆற்ற ஆரம்பித்தார். அவளுடைய பத்து நிமிடத்தில் ஒன்பது அப்படியே மிச்சம்.

வீட்டுக்கு நடந்தாள். ஏரிக்கரையில் லாரி பின்பக்கத்தைத் தூக்கி நின்றிருந்தது. பாட்டில்கள் சடசடவென்று உருண்டு அவள் வாசல் வரை வந்தன. உள்ளே மகள் இருமினாள். டிரைவர் அவளைப் பார்த்துக் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

"உங்க ஆளுங்க போட்டதுதான்க்கா. உடனே அள்ளச் சொல்லி மேலேருந்து போன்."

அவள் மணி பார்த்தாள். ஆணையர் சொல்லி ஐம்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. இந்தப் பதினாறு வருஷத்தில் முனிசிபாலிட்டி ஒரு வேலையைச் சொன்ன நேரத்துக்குள் முடித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.