நானூற்றுப் பன்னிரண்டு பிழைகளும் ஒரு நீதிபதியும்

அச்சு இயந்திரத்திலிருந்து சூடாக வரும் தாள்களை என் பக்கத்து இருக்கைக்காரர் மேசையில் தட்டி அடுக்கி, சிவப்புப் பென்சிலை எடுத்து, முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு மீதி அத்தனையையும் குறுக்கே கோடு இழுத்து அடித்துவிடுகிறார். நானூற்றுப் பன்னிரண்டு பிழைச் செய்திகளில் நானூற்றுப் பதினொன்று காலி. "முதல் தப்பு ஒண்ணுதான் நிஜம். மத்ததெல்லாம் அதைப் பார்த்து மிரண்டு ஓடுற கூட்டம்" என்கிறார். ஊரே திரையில் படிக்கிறதே, உங்களுக்கு மட்டும் தாள் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "திரையில கோடு போட்டா துடைக்கணும்" என்றார். இதற்கு மறுபேச்சு பேச இனிமேல்தான் யாராவது பிறந்து வர வேண்டும்.

எங்கள் அலுவலகம் ரத்தப் பரிசோதனை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறது. நான் அதற்குக் கையேடு எழுதுகிறவள். அதாவது யாரும் படிக்காததை எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மொழியில் மாற்றித் தருவது கம்பைலர் என்கிற மென்பொருள். அது முரண்டு பிடித்தால் எல்லோரும் இவரிடம்தான் ஓடி வருவார்கள். முகத்துக்கு நேரே சார். முதுகுக்குப் பின்னால் நீதிபதி. இருபது வருஷமாக இவர் கொடுத்துவரும் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: "பேரு சரியில்லை."

அநியாயம் என்னவென்றால், பெரும்பாலும் அது சரியாகவே இருந்து தொலைக்கும். ஒரே பெயரை இரண்டு பேர் இரண்டு காரியத்துக்கு வைத்துவிட்டால் கம்பைலருக்குத் தலை சுற்றிவிடும். தப்பு ஓரிடத்தில் இருக்க, சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தைக் காட்டிக் கத்தும். ஆகவே நீதிபதி ஒரு சட்டம் போட்டார். சின்னப் பெயர் கூடாது. புட்டியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதற்கு 'லெவல்' என்று மூன்றெழுத்தில் எழுதிவிட முடியாது. 'இடதுபக்கப் புட்டியின் தற்போதைய லெவல்' என்று, மூச்சு வாங்க வாங்க எழுத வேண்டும்.

வீட்டிலும் இதே கூத்துதான். "உப்பு டப்பாவுல உப்புன்னு ஒட்டினா போதாதா?" என்று அவர் மனைவி என்னிடம் அங்கலாய்த்தார். "'மேல்தட்டு வலதுபக்கத் தூள் உப்பு'ன்னு ஒட்டியிருக்காரு. சீட்டு டப்பாவை ஒரு சுத்து சுத்திட்டு மூடி மேல ஏறுது." மகள் கல்யாணத்தையே இரண்டு நாள் நிறுத்தி வைத்த புண்ணியவான் இவர். மாப்பிள்ளைக்கும் இவருடைய சகலைக்கும் ஒரே பெயராம். "ஒரே குடும்பத்துல ஒரே பேருல ரெண்டு பேரா? கூப்பிட்டா யாரு திரும்புறது?" என்று குதித்திருக்கிறார். "ரெண்டு பேரும் திரும்பட்டும்ப்பா, என்ன குடி முழுகிடுச்சு?" என்றாளாம் மகள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடிக்கும்.

இந்த சாம்ராஜ்யத்துக்குள் ஐந்து மாதம் முன்பு ஒரு பெண் வந்து சேர்ந்தார். குழந்தைக்காக ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் மறுபடி வேலைக்கு வந்தவர். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. போன திங்கட்கிழமை அவர் தான் எழுதிய முதல் கோப்பை மென்பொருளில் சேர்த்தார். மொத்த மென்பொருளும் படுத்துவிட்டது. செவ்வாயன்றும் எழவில்லை. "புதன்கிழமை மூணு மணிக்கு மீட்டிங். யாரால ரெண்டு நாள் போச்சுன்னு அங்க பேசிக்கலாம்" என்றார் மேலாளர். பேசப்போவது அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றி என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். புதனன்று சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிட்டார்.

கம்பைலர் சொன்ன முதல் பிழை இது: 'இங்கே ஒரு பெயரை எதிர்பார்த்தேன், எண் இருக்கிறது.' அந்த வரியில் அந்தப் பெண் எழுதியிருந்ததோ வெறும் 'லெவல்'. நீதிபதி தாளைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது.

"பேரு சரியில்லை. நீளமா மாத்துங்க, ஓடிடும்."

"மாத்துறேன் சார். ஏன்னு மட்டும் சொல்லுங்க. அந்த வரியில எண்ணே இல்லையே?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? மாத்தினா ஓடும்."

"மாத்தி ஓடிட்டா தப்பு என்னோடதுன்னு ஆயிடும். காரணம் தெரியாம மாத்த மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே முகம் கழுவப் போய்விட்டார்.

இருபது வருஷத்தில் தீர்ப்புக்கு அப்பீல் வந்தது அன்றுதான். நீதிபதிக்குக் காது மடல் சிவந்துபோனது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம், மறைப்பானேன்.

"காரணம்தானே வேணும்? காட்டுறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மொழிமாற்றத்துக்கு முன்னால் நம் எழுத்தில் என்னென்ன மாற்றிக்கொள்கிறாய் என்று கேட்டால் கம்பைலர் காட்டும். கேட்டார். அந்தப் பெண் 'லெவல்' என்று எழுதிய இடத்திலெல்லாம் மூன்று என்கிற எண் சட்டமாக உட்கார்ந்திருந்தது. 'லெவல் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எடுத்துவிட்டு மூன்று போடு' என்று, எல்லோருக்கும் பொதுவான கோப்பில் யாரோ கட்டளை எழுதி வைத்திருக்கிறார்கள்.

"எந்த மகராசன் பார்த்த வேலை இது?" என்று பல்லைக் கடித்தார். எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்பதற்கு எங்களிடம் பதிவு உண்டு. தட்டினார். பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி. கூடவே ஒரு குறிப்பு: 'தற்காலிகம். அடுத்த வாரம் எடுத்துவிடலாம்.' பக்கத்தில் அவருடைய பெயர்.

பதினோரு வருஷம் இது யாரையும் கடிக்காமல் இருந்ததற்குக் காரணம், இவருடைய சட்டத்துக்குப் பயந்து ஒரு ஜீவன்கூட வெறும் 'லெவல்' என்று எழுதாததுதான். இவர் செய்த கோளாறை இவருடைய சட்டமே போர்த்திப் பாதுகாத்திருக்கிறது. விவரம் தெரியாமல் நேராக எழுதிய ஒருவர் வந்து மாட்டிக்கொண்டார்.

மணி இரண்டே முக்கால். அந்தத் திரையைப் பார்த்தது அவரும் நானும் மட்டும். அந்த வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால் எல்லாம் ஓடும்; பழி அந்தப் பெண் தலையில், பெருமை இவர் தலையில். நான் அவரையே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. லேப்டாப்பை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார். மனுஷன் முழுங்கிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

மீட்டிங் அறையில் மேலாளர் சுற்றி வளைக்கவில்லை. "யாரோட தப்பு?"

"சார், நான் எழுதின வரியில..." என்று பின்வரிசையிலிருந்து அந்தப் பெண் தொடங்கினார். மேலாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்கம்மா, அவர் சொல்லட்டும்."

நீதிபதி சுவர்த்திரையின் வயரை எடுத்துத் தன் லேப்டாப்பில் செருகினார். அந்த ஒற்றை வரி, தேதியும் குறிப்பும் பெயருமாகச் சுவரில் வந்து நின்றது.

மேலாளர் கண்ணைச் சுருக்கினார். "பொடிப் பொடியா இருக்கே. யாரு பேருன்னு தெரியலையே."

"இருங்க" என்றார் நீதிபதி. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை அழுத்தினார். முன்வரிசையில் யாரோ 'அய்யய்யோ' என்றார்கள். இன்னொரு முறை அழுத்தினார். தேதி திரையைவிட்டு வெளியே போனது. குறிப்பும் போனது. கடைசி நாற்காலியில் இருந்த பெண்ணைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு, சுவர் முழுக்கத் தன் பெயர் மட்டும் நிற்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார்.